தூய்மையும் கூலியும்

வீட்டுத் துப்புரவுக்குத் தமிழில் வழங்கும் சொற்கள் பல கணக்குப் பாடத்திலும் இடம் பெற்றுள்ளன. வீட்டைக் கூட்டுகிறோம்; எண்களையும் கூட்டுகிறோம். வாசலைப் பெருக்குகிறோம், எண்களையும் பெருக்குகிறோம். வேண்டாததைக் கழிக்கிறோம், அது கழிவாகிறது. சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் திரட்டும் வேலையாதலால் கூட்டலும் பெருக்கலும் துடைப்பத்திற்கு உரியனவாயின போலும். நான்கு கணக்குகளில் எஞ்சியது வகுத்தல் ஒன்றே. அதற்கும் வீட்டுத் துப்புரவுக்கும் தொடர்பில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலை ஒட்டி எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

எங்கள் வீடு பெங்களூரின் கிழக்குப் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறது. அந்த மார்கழியில் என் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. போகிக்கு ஒட்டடை அடிப்பதும், பரணில் இருக்கும் பாத்திரங்களை இறக்கித் துலக்குவதும், குளியலறைச் சுவரைத் தேய்ப்பதும் முப்பத்தைந்து ஆண்டுகளாக அவருடைய பொறுப்பாகவே இருந்து வந்தன. நான் நாற்காலிகளை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அதற்குமேல் ஏதும் செய்ததாக நினைவில்லை.

அவ்வாண்டு எங்கள் மகள் தன் அலுவலகத்தில் இருந்தவாறே கைபேசியின் வழியாக ஒரு துப்புரவு நிறுவனத்தை அமர்த்தினாள். சனிக்கிழமை காலை நான்கு இளைஞர்கள் வந்தார்கள். ஒரே நிறச் சட்டை, கையுறை, முகமூடி. தரையைத் தேய்க்கும் வட்டத் தூரிகை இயந்திரம், தூசியை உறிஞ்சும் இயந்திரம், நீராவி பீய்ச்சும் குழல் எல்லாம் கொண்டுவந்திருந்தனர். இருவர் ஒடிசாவிலிருந்தும் ஒருவர் அசாமிலிருந்தும் வந்தவர்கள். நான்காமவர் வட கர்நாடகத்தவர். மாலை வரை வேலை செய்தனர். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, குளியலறை டைல்களில் வெண்மையாகப் படிந்து கல்லாகிக் கிடப்பதை இந்நகரில் வாழ்வோர் அறிவர். அக்கறை முழுவதும் போய்விட்டது. சுவரில் முகம் தெரிந்தது. எங்களுக்கு மகிழ்ச்சியே.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் வந்தார். திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து கணவரோடு கட்டட வேலைக்காக இங்கே வந்தவர். பின்னர் வீட்டு வேலைக்கு மாறியவர். அப்போது எங்களிடம் பதினோராவது ஆண்டு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தவர் தரையைப் பார்த்தார். குளியலறைக்குச் சென்று சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.

“பதினோரு வருசமா நான் தேய்ச்சுப் போகாத கறைம்மா இது. அந்த மிசினு இருந்தா நானுந்தான் எடுத்திருப்பேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “எவ்வளவு ஆச்சும்மா?” என்று கேட்டார்.

என் மனைவி சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார். அத்தொகை அந்த அம்மாளுக்கு நாங்கள் தந்துவந்த இரண்டு மாதச் சம்பளம். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. வாளியில் நீர் பிடித்துவந்து, ஏற்கெனவே தூய்மையாக இருந்த தரையைத் துடைக்கத் தொடங்கினார்.

வகுத்தல் கணக்கு எனக்கு விளங்கியது அன்றுதான். வகு என்னும் அடியிலிருந்தே வகுப்பு என்னும் சொல்லும் வந்தது.

இதில் தவறு எங்கே இருக்கிறது என்று பல நாள் எண்ணிப் பார்த்தேன். கூலி கொடுத்து வேலை வாங்குவது தவறா? முடி திருத்துபவருக்கும் மருத்துவருக்கும் மின்பணியாளருக்கும் பணம் கொடுக்கிறோம். அப்போதெல்லாம் நெஞ்சு உறுத்துவதில்லை. தரையைப் பெருக்குகிறவர்க்குக் கொடுக்கும்போது மட்டும் ஏன் உறுத்த வேண்டும்? மருத்துவர் செய்வது நம்மால் இயலாதது, ஆதலால் மதிக்கிறோம். பெருக்குவது நம்மாலும் இயலும் என்று நினைக்கிறோம்; ஆதலால் மதிப்பதில்லை. இயலும் என்ற நினைப்பும் பெரும்பாலும் பொய்யே. எனக்கு அறுபது வயது வரை ஒரு குளியலறையை ஒழுங்காகக் கழுவத் தெரியாது.

வள்ளுவர் வாய்மையைப் பேசுமிடத்தில் புறத்தின் தூய்மைக்கு நீரையும் அகத்தின் தூய்மைக்கு உண்மையையும் உரியனவாக்கினார். அந்த நீரை முகந்து ஊற்றுகிறவர் யார் என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தமக்கு முகந்துகொள்வர் என்று கருதினார் போலும். நம் இல்லங்களிலோ புறத்தூய்மை ஒருவருடையதாகவும் அதற்கான உழைப்பு மற்றொருவருடையதாகவும் பிரிந்து நிற்கின்றன. இப்பிரிவில் உண்மைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே என் வினா.

இவ்வினாவிற்கு நேரான விடை சொன்னவர் காந்தியடிகள். தத்தம் அழுக்கைத் தாமே அகற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. 1901 இறுதியில் கல்கத்தாவில் நடந்த காங்கிரசு மாநாட்டிற்குச் சென்றபோது, அங்கிருந்த கழிப்பறைகளின் நிலை கண்டு அவர் திகைத்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தொண்டர்களிடம் சொன்னபோது, அது துப்புரவாளர் வேலை என்று கைவிரித்தார்களாம். அவர் துடைப்பம் ஒன்றைக் கேட்டு வாங்கித் தமக்குரிய கழிப்பறையைத் தாமே துப்புரவு செய்தார். இச்செய்தியைப் பலரும் மேடைகளில் சொல்வதுண்டு. அதே மாநாட்டைப் பற்றி அவர் எழுதிய மற்றொரு செய்தியைத் தமிழர் மேடைகளில் நான் கேட்டதில்லை. தமிழ்நாட்டுப் பேராளர்களுக்குச் சமையற்கூடம் தனியே, மற்றவற்றிற்கு வெகு தொலைவில் அமைக்கப்பட்டிருந்தது. உண்ணும்போது பிறர் கண்ணில் படுவதே அவர்களுக்குத் தீட்டு. ஆகவே தட்டி கட்டி நாற்புறமும் மறைத்திருந்தார்கள். ஒருபுறம் பிறர் பார்வையே படாத தூய்மை. மறுபுறம் நாற்றம் பொறுக்க முடியாத கழிப்பறை. முன்னதைக் காப்பதில் காட்டிய அக்கறையில் ஒரு சிறு பங்கைக்கூடப் பின்னதன்மேல் யாரும் காட்டவில்லை. நம்முடைய தூய்மை உணர்ச்சி எங்கே கூர்மையாக இருந்தது, எங்கே மழுங்கியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆயினும் காந்தியடிகளின் விடை முழுமையானதென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதற்குத் தடையாக நிற்பதும் அவர் எழுதியதே. 1898ஆம் ஆண்டளவில் தர்பனில் அவர் குடியிருந்த வீட்டில் அறைதோறும் சிறுநீர்ச் சட்டிகள் இருந்தன. அவற்றை அவரும் கஸ்தூரிபாவுமே தூய்மை செய்துவந்தனர். பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறித்தவ எழுத்தர் ஒருவர் புதிதாக வந்து தங்கினார். அவருடைய சட்டியை எடுக்கக் கஸ்தூரிபாவின் மனம் இடங்கொடுக்கவில்லை, கண்ணீரோடு எடுத்தார். எடுத்தால் மட்டும் போதாது, முகமலர்ச்சியோடு எடுக்க வேண்டும் என்று கணவர் சினந்தார். அவ்வம்மையார் எதிர்த்துப் பேசவே, கையைப் பிடித்து இழுத்து வாயிற்கதவு வரை கொண்டுபோய்விட்டார். அயல்நாட்டில் பெற்றோர் உற்றார் எவருமில்லாத நான் எங்கே போவேன் என்று அவர் கேட்ட பிறகே கணவருக்கு நாணம் வந்தது. பிற்காலத்தில் இதை ஒளிக்காமல் எழுதிவைத்தது அவருடைய பெருமை. தீண்டாமையை உதறச் சொன்னது சரியே. அம்மையாரின் அருவருப்பில் சாதியின் நஞ்சு இருந்ததும் உண்மையே. எனினும், தம் அழுக்கைத் தாமே அகற்றுதல் என்னும் உயர்ந்த கொள்கை ஒரு வீட்டிற்குள் நுழைந்ததும் மனைவிக்கு இடும் கட்டளையாக மாறிவிடுவதை அந்நிகழ்ச்சியில் காண்கிறோம்.

‘எங்கள் வீட்டில் வேலைக்கு ஆளே வைப்பதில்லை, எல்லாம் நாங்களே செய்துகொள்கிறோம்’ என்று பெருமையோடு கூறும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த ‘நாங்கள்’ யார் என்று நான் கேட்பதில்லை. அவர் மனைவி அடுப்பங்கரையில் இருப்பார்.

அம்பேத்கர் 1945இல் வெளிவந்த தம் நூலில் இப்பொருளை வேறொரு பக்கத்திலிருந்து நோக்கினார். இந்நாட்டில் ஒருவர் துப்புரவாளர் எனப்படுவது செய்யும் வேலையால் அன்று, பிறப்பால். அவ்வேலையை அவர் செய்யாவிட்டாலும் பெயர் நீங்குவதில்லை என்பது அவர் கருத்து. அப்படியானால், உயர்ந்தவர் ஒருவர் ஒருநாள் துடைப்பம் ஏந்துவதால் அவருக்குப் புகழ் வருமேயன்றி, நாள்தோறும் ஏந்துகிறவரின் நிலை மாறாது.

பெண்களின் சுமையை இயந்திரங்கள் குறைக்கும் என்று நம்பினோம். அமெரிக்க வரலாற்றறிஞர் ரூத் ஷுவார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூல் ஒன்று, அந்நாட்டு இல்லங்களில் துணி துவைக்கும் பொறியும் தூசி உறிஞ்சியும் வந்தபின் பெண்களின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று காட்டிற்று. கருவி வந்ததும் தூய்மையின் அளவுகோல் உயர்ந்தது. முன்பு பிறர் செய்த வேலைகளும் இல்லத்தரசியிடமே வந்து சேர்ந்தன. பெங்களூரில் இதைத் தரையிலேயே பார்க்கலாம். பசவனகுடியிலும் அல்சூரிலும் பழைய வீடுகளில் காவி கலந்து மெழுகிய சிவப்புச் சிமெண்டுத் தரை உண்டு. அதில் காலடித் தடம் தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல மெருகும் ஏறும். இன்றைய குடியிருப்புகளில் பால்வெள்ளை டைல் பதிக்கிறார்கள். ஒரு தலைமுடி விழுந்தாலும் கூடத்தின் மறுகோடியிலிருந்து தெரிகிறது. நாள்தோறும் ஒருவர் துடைத்தால்தான் அத்தரை தரையாக இருக்கும். வேறொருவர் குனிந்து துடைப்பார் என்ற எதிர்பார்ப்பு, வீடு கட்டும்போதே தரையில் பதிக்கப்பட்டுவிடுகிறது. வாங்கும்போது நாம் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணவில்லை, வெள்ளைதான் வேண்டும் என்றேன்.

கட்டட அமைப்பிலேயே துப்புரவாளருக்கு இடம் வகுத்துவிடும் வழக்கம் இந்நகருக்குப் புதியதன்று. 1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. பல்லாயிரவர் ஊரை விட்டு ஓடினர். நெருக்கமான பழைய பேட்டைகளே நோய்க்கு நிலைக்களம் என்று கருதி, காற்றும் வெளிச்சமும் வரத்தக்க புதிய குடியிருப்புகளை அமைத்தார்கள். மல்லேசுவரமும் பசவனகுடியும் அப்படி வளர்ந்தவை. தமிழர் மிகுந்திருந்த கண்டோன்மெண்டுப் பக்கத்தில் சில ஆண்டுகளுக்குப் பின் பிரேசர் டவுன் எழுந்தது. இப்பகுதிகளில் வீட்டு வரிசைகளின் பின்புறம் குறுகிய சந்துகள் இருப்பதைக் காணலாம். கன்சர்வன்சி லேன் என்று அவற்றிற்குப் பெயர். உலர் கழிப்பறைகளின் மலத்தை அள்ளுகிறவர் முன்வாசலுக்கு வராமல், தெருவில் நடப்போர் கண்ணிலும் படாமல், பின்பக்கமாகவே வந்து பின்பக்கமாகவே போக வேண்டும். அதற்கான வழி அது. நகரமைப்பின் சிறப்பு என்று அதைப் பாராட்டுவார் உண்டு. சுகாதாரத்திற்கு அது உதவியதை மறுக்க முடியாது. ஆனால் நோய்க்கு அஞ்சி விட்ட சந்து, மனிதரை மறைக்கவும் பயன்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமைச்சர் பி. பசவலிங்கப்பா மலத்தைத் தலைச்சுமையாகச் சுமக்கும் வழக்கத்திற்கு இம்மாநிலத்தில் தடை விதித்தார். நாடாளுமன்றம் 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றியது. மல்லேசுவரத்தில் அச்சந்துகள் சில இன்று சுவரோவியங்களோடு நடைபாதைகளாகியுள்ளன. இளைஞர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சந்து மறைந்தாலும் அதன் வேலையை வேறு பொருள்கள் ஏற்றுக்கொண்டன. வேலையாட்களுக்கென்று தனி லிப்ட் வைத்த குடியிருப்புகளைப் பலரும் அறிவர். 2023 ஜூன் மாதத்தில் பெங்களூர்க் குடியிருப்பு ஒன்றின் அறிவிப்பு பெரும் பேச்சுக்கு இடமாயிற்று. வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு வீட்டு வேலை முடித்து அடுத்த வீட்டு வேலைக்குக் காத்திருக்கும் இடைநேரத்தில் பூங்காவிலும் பொது இருக்கைகளிலும் அமர வேண்டாம், குடியிருப்போருக்குச் சங்கடமாக இருக்கிறது என்பது அதன் சாரம். படித்தவர்கள் கொதித்தார்கள். என் குடியிருப்பில் அப்படி ஓர் அறிவிப்பு இல்லை. அவர்கள் எங்கே அமர்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், மீட்டர் பெட்டிகளுக்குக் கீழே அமர்ந்திருந்தார்கள். அறிவிப்புக்குத் தேவையே இருக்கவில்லை.

இனித் துப்புரவு நிறுவனங்களுக்கு வருவோம். இவற்றைப் பழிப்பது எளிது, நியாயமாகாது. எங்கள் வீட்டிற்கு வந்த நான்கு இளைஞர்களும் கையுறை அணிந்திருந்தார்கள். இன்ன நேரத்திற்கு வந்து இன்ன நேரத்தில் முடிப்பது என்று பேச்சு. ‘அப்படியே இந்த அலமாரியையும் துடைத்துவிடப்பா’ என்று நான் சொன்னபோது, அது ஒப்பந்தத்தில் இல்லை என்று அவர்களில் மூத்தவர் பணிவாக மறுத்தார். எனக்கு முதலில் சினம் வந்தது. பிறகு, பதினோரு ஆண்டுகளில் எங்கள் அம்மாள் ஒருமுறையாவது இப்படி மறுத்திருக்கிறாரா என்று எண்ணினேன். ‘நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்று சொல்லிச் சொல்லியே எத்தனை அலமாரிகளைத் துடைக்கச் செய்திருக்கிறோம்! வீட்டுப் பிள்ளைக்கு எவரேனும் தனித் தம்ளர் வைப்பார்களா? தீபாவளிக்குச் சேலையும் மிஞ்சிய குழம்பும் கொடுத்ததை அன்பு என்று நாம் கணக்கு வைத்திருந்தோம். அவர் எந்தக் கணக்கில் வைத்திருந்தாரோ!

கையுறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பொடியையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும், மூச்சுக்குழலை அரிக்கும். வந்த இளைஞர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஒன்றைக் கழுவி வடித்த பிறகே மற்றதைத் தொட்டார்கள். எங்கள் அம்மாள் கறை போக வேண்டுமே என்று இரண்டையும் கலந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இருமியபடி தேய்த்த நாள்கள் உண்டு. இருமல் கூடத்திற்குக் கேட்கும். குளிர்காலம் என்று நினைத்துக்கொள்வேன். அவருக்கு நாங்கள் கையுறை வாங்கித் தந்ததில்லை. விலை மிகச் சிறிது. தோன்றவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல இயலாது.

சட்டம் இவ்விடத்தில் முற்றிலும் ஊமையாக இருந்துவிடவில்லை. வீட்டுப் பணியாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை 2004இல் முதன்முதலாக நிர்ணயித்த மாநிலம் கர்நாடகமே. 2011இல் உலகத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்க்கென்று 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது; பின்னர் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. தளநிறுவனங்கள் வழியாக வேலை செய்வோர் நலத்திற்கு இம்மாநிலம் 2025இல் சட்டம் இயற்றியது. நேரே வீட்டிற்கு வந்து வேலை செய்கிறவர் அதன் எல்லைக்குள் வரார். 2004இன் கூலி அறிவிப்பைப் படித்து அதன்படி சம்பளம் பேசிய இல்லம் ஒன்றையும் நான் கண்டதில்லை. பக்கத்து வீட்டில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டு, அதைவிட நூறு ரூபாய் குறைத்துப் பேசுவதே நம் சட்டம்.

2025 மார்ச்சில் அர்பன் கம்பெனி என்னும் நிறுவனம் கால்மணி நேரத்திற்குள் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏற்பாட்டை மும்பையில் தொடங்கிற்று. ‘இன்ஸ்டா மெய்ட்ஸ்’ என்று பெயர் வைத்தது. மனிதரைப் பண்டமாக்கும் பெயர் என்று எதிர்ப்பு எழவே, ‘இன்ஸ்டா ஹெல்ப்’ என்று மாற்றிற்று. அறிமுக விலை மணிக்கு 49 ரூபாய். பணியாளருக்கு அதைவிடக் கூடுதலாகவே தருவதாக நிறுவனம் கூறியது. பெயரைப் பற்றி எழுந்த பேச்சு விலையைப் பற்றி அவ்வளவாக எழவில்லை. எனக்கோ விலைதான் பெரிதாகப்பட்டது. ஒரு பெண் ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலை, ஒரு தம்ளர் பழச்சாற்றின் விலைக்குக் கிடைக்கும் என்று ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், அதை எந்தத் துணி கொண்டு துடைப்பது?

பின்சந்தின் வழியே வந்தவருக்கு முகம் இல்லை. கைபேசியின் வழியே வருகிறவருக்கு முகப்படமும் பெயரும் ஐந்து நட்சத்திர மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் நாளை வருகிறவர் வேறொருவர். அவருடைய இருமலை நான் பதினோரு ஆண்டுகள் கேட்க நேராது. ஒரு மணி நேரத்தில் மறந்துவிடலாம். இதை வசதி என்று சொல்கிறோம். நிறுவனத்தின் கையுறையும் எங்கள் அம்மாளின் பதினோரு ஆண்டும் ஓரிடத்தில் சேர முடியாதா என்பதே எனக்கு எழும் ஏக்கம்.

இம்மலரைப் படிக்கும் நாம் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தினர். அச்சொற்றொடரைக் கேட்டதும் தொழிற்சாலைகளிலும் ஆய்வுக் கூடங்களிலும் கணிப்பொறி நிறுவனங்களிலும் வேலைக்கு வந்த நம்மையே நினைக்கிறோம். திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலிருந்து வந்து நம் வீடுகளைப் பெருக்குகிறவர்களும் அதே புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தினர்தாம். கோரமங்கலத்தை அடுத்த ஈஜிபுராவில், தேசிய விளையாட்டுக் கிராமக் குடியிருப்பின் பக்கத்தில், நலிந்த பிரிவினருக்கான குடியிருப்பு ஒன்று இருந்தது. 2013 ஜனவரியில், பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆவதற்குள், மண் வாரும் இயந்திரங்கள் வந்து அங்கிருந்த குடிசைகளை இடித்தன. ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களுள் தமிழர் மிகப் பலர். பெண்கள் பலர் கோரமங்கலத்து வீடுகளில் பெருக்கித் துடைத்து வந்தவர்கள். சாலையோரத்தில் பாத்திரங்களோடு குளிரில் கிடந்தார்கள். அந்த வாரம் அப்பகுதி நண்பர் ஒருவர் இல்லத்தில் இலக்கியக் கூட்டம் ஒன்று நடந்தது, நானும் போயிருந்தேன். வேலைக்காரி நான்கு நாளாக வரவில்லை, தரையெல்லாம் தூசி, மன்னிக்க வேண்டும் என்று நண்பரின் மனைவி சொன்னார். நாங்கள் மன்னித்தோம். ஏன் வரவில்லை என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று பேசிய பொருள் சங்க இலக்கியத்தில் விருந்தோம்பல்.

2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது குடியிருப்புகள் வேலையாட்களுக்குக் கதவடைத்தன. இரண்டு மூன்று மாதம் எல்லோரும் தத்தம் வீட்டைத் தாமே பெருக்கினார்கள். முதுகு வலி என்றால் என்னவென்று பல ஆண்கள் அறிந்தார்கள். அவ்வறிவு நிலைக்கும் என்று நானும் நம்பினேன். கதவு திறந்ததும் பழைய சம்பளத்திலேயே பழைய வேலை தொடங்கியது. வராத மாதங்களுக்குச் சம்பளம் கொடுத்தோரும் உண்டு, கொடாதோரும் உண்டு. நாங்கள் பாதி கொடுத்தோம். அது பெருந்தன்மை என்று அப்போது நினைத்திருந்தேன்.

அந்தப் பொங்கலுக்குப் பின் எங்கள் வீட்டில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. ஓர் இரவு மூவரும் உட்கார்ந்து பேசினோம். இனி நிறுவனத்தை அழைப்பதில்லை என்று மகள் சொன்னாள். அந்த இளைஞர்களின் பிழைப்பு என்னாவது என்று என் மனைவி கேட்டார். அதற்கு விடை கிடைக்கவில்லை, இன்னும் கிடைக்கவில்லை. அம்மாளின் சம்பளத்தை உயர்த்தினோம். நீண்ட காம்புள்ள துடைப்பான், கையுறை, உப்புக்கறை நீக்கும் மருந்து வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சம்பளத்தோடு விடுமுறை. கழிப்பறையும் குளியலறையும் இனி எங்கள் வேலை என்று முடிவாயிற்று; மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இவற்றால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வீட்டை யார் பெருக்குகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். “பெரிய பொண்ணு செய்யுது சார், ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி” என்றார்.

முதல் ஞாயிறன்று இரண்டு மணி நேரம் தேய்த்தேன். திங்கட்கிழமை அவர் வந்ததும், பார்க்கச் சொல்லிக் கதவைத் திறந்து காட்டினேன். அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே குனிந்து பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“மூலை பாக்கி இருக்குது சார். பிரசுக்கு வராது அது. துணியை விரல்ல சுத்திக்கிட்டுத் தேய்க்கணும்.”

பழந்துணி ஒன்றைக் கிழித்து நீட்டினார். நான் விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் நின்று சொல்லிக்கொடுத்தார்.